வேண்டாத ஐந்து மணி நேரம்

"இந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பி எடுத்துக்குங்க. எனக்கு வேண்டாம்."

ரிசப்ஷன் கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கப்பலில் பிடிக்காத தலையணையைத் திருப்பித் தந்தவர்கள் உண்டு. நேரத்தைத் திருப்பித் தர வந்தவன் இவன்தான் முதல்.

"எந்த ஒரு மணி நேரம் சார்?"

"நேத்து ராத்திரி ஸ்பீக்கர்ல சொன்னீங்களே, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைங்கன்னு. அது."

"அது எல்லாருக்கும்தான் சார். நாம மேற்கு பக்கமா போறோம் இல்லையா..."

"எந்தப் பக்கம் வேணா போங்க. ஏழு நாள்னு சொல்லி ஏத்தினீங்க. நூத்தி அறுபத்தெட்டு மணி நேரம். அஞ்சு ராத்திரி இப்படிப் பின்னாடி தள்ளினா நூத்தி எழுபத்திமூணு. கேட்காம எதுக்குத் தலையில கட்டுறீங்க?"

"கூட ஒரு மணி நேரம் தூங்கலாமே சார். எல்லாரும் சந்தோஷமா வாங்கிக்குவாங்க."

"அப்ப தூங்குறவங்களுக்குக் கொடுங்க."

அவள் கண் அவன் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் பட்டைக்குப் போனது. அந்த நொடியே குரல் குழைந்துவிட்டது.

"சரி சார். குறிச்சு வச்சுக்கறேன். கணக்கு உங்களுக்கு ரொம்ப நல்லா வருது. உங்ககூட வந்தவங்க எங்க சார்?"

"அறையில இருக்காங்க. அறுபத்தெட்டு வயசு. இதுக்கெல்லாம் அவங்களை இழுக்காதீங்க. பொறுப்பு நான்தான்."

"ஆமா சார். நீங்கதான் பொறுப்பு," என்று சிரித்துவிட்டு அவள் கணினியில் நீளமாக எதையோ தட்டினாள்.

புகாரைப் பதிவு செய்கிறாள் என்று அவன் நினைத்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு. கவுண்டர் கடிகாரம் ஏழு என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

எடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. கடைக்காரர் தராசை நகர்த்தி வைத்தார் என்பதற்காக ஒரு கிலோ ஒன்றே கால் ஆகாது. கப்பல் நகர்கிறது என்பதற்காக எட்டு மட்டும் ஏன் ஏழாக வேண்டும்?

மனைவி போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவனும் மனைவியின் அம்மாவும் மட்டும் மிஞ்சினார்கள். பெண்ணே இல்லாத வீட்டில் பெண்ணின் அம்மா எத்தனை நாள் இருப்பாள் என்று பெருங்கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சான் போனில் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவன், "சரி, நானே கொண்டு வந்து விடறேன்" என்றான். அத்தை ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள், "ஆகாயத்துல எல்லாம் என்னால தொங்கிட்டு வர முடியாது மாப்பிள்ளை. கப்பல்னா வர்றேன்" என்றார்.

அத்தை பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவர். படிவத்தைக் கண்டால் அடுத்தவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொள்வார். பயணப் படிவங்களையும் அவரே நிரப்பினார். துணையோடு பயணம் செய்கிறவர்களுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. இடையில் கதவு வைத்த இரண்டு அறைகள் அதில் கிடைத்தன. ஏறும்போது அவனுக்கு மஞ்சள் பட்டை கட்டினார்கள், அத்தைக்குப் பச்சை. அவன் அலுவலகத்தில் ஆய்வுக்குப் போகிற அதிகாரிகள்தான் மஞ்சள் அட்டை மாட்டுவார்கள். அவன் எதுவும் கேட்கவில்லை.

இறங்கும்போது ஒப்படைப்புக் கையெழுத்து இல்லாமல் இந்தப் பிரிவினரை வெளியே விடமாட்டார்கள் என்றும் சொன்னார்கள். அந்த விதி அவனுக்குப் பிடித்திருந்தது. ஏழு நாள், ஒரு கையெழுத்து, மறுநாளே விமானத்தில் வீடு. அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். யாரோடும் பேச வேண்டியதில்லை.

கவுண்டரிலிருந்து அவன் திரும்பியபோது, இரண்டு அறைக் கதவுகளுக்கும் நடுவில் ஒரு வீல்சேர் நின்றிருந்தது. பின்னால் அறைப் பணியாளர். கப்பல் ஏறின மாலையே துண்டுகளை மடித்து யானை, முயல் என்று செய்து கட்டிலில் உட்கார வைத்ததால் அத்தை அவருக்கு மடிப்புக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்.

"குட் மார்னிங் சார். வண்டி வந்திருக்கு. மேல் டெக்குக்குப் போலாமா?"

"யார் கேட்டா?"

"கவுண்டர்ல இருந்து இப்பதான் சொன்னாங்க சார். இங்க கொஞ்சம் உதவி தேவைப்படும்னு."

அவனுக்குச் சுருக்கென்றது. "அவங்க நல்லா நடப்பாங்க. வண்டியைப் பார்த்தா மனசு கஷ்டப்படும். எடுத்துட்டுப் போங்க."

அத்தை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஓடுவதற்கான காலணி போட்டிருந்தார்.

"பாவம், தள்ளிட்டு வந்துட்டார். உட்காருங்களேன் மாப்பிள்ளை. நான் தள்ளுறேன்."

"கிண்டல் பண்ணாதீங்க அத்தை."

"கிண்டல் இல்ல. எனக்கும் உடற்பயிற்சி ஆகும்."

மடிப்புக்காரர் அசையவில்லை. வண்டியைத் திருப்பிக் கொண்டுபோனால் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். அவர் வேலைக்கு ஒன்றும் வரக் கூடாது என்று அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அத்தையின் கைப்பையை வீல்சேரில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு கிளம்பினான். அத்தை பத்தடி முன்னால் வீசி வீசி நடந்தார்.

மேல் டெக்கில் பேச்சு நின்றது. இளைஞன் ஒருவன் யாருமில்லாத வீல்சேரைக் கவனமாகத் தள்ளிக்கொண்டு வருகிறான். மேடு வந்தால் மெல்ல ஏற்றுகிறான், பள்ளம் வந்தால் மெல்ல இறக்குகிறான். சாய்வு நாற்காலியில் கிடந்த ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். லிஃப்டில் இருந்த நான்கு பேர் இறங்கி வழிவிட்டார்கள். அதில் ஒரு பெண் தன் கணவரைக் கையைப் பிடித்து இழுத்து, "இடிக்காதீங்க. அவங்க உட்கார்ந்திருக்காங்க இல்ல," என்றாள்.

"பைதான் இருக்கு," என்றான் அவன்.

"புரியுதுப்பா," என்றாள் அந்தப் பெண். கண் கலங்கியிருந்தது.

மத்தியானத்துக்குள் அந்த வீல்சேர் கப்பல் முழுக்கப் பிரபலமாகிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் அவன் மேசையில் யாரோ மூன்றாவதாக ஒரு தட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அதை எடுக்கச் சொல்லிக் கவுண்டருக்குப் போனான். கவுண்டர் பெண் தலையாட்டி, இன்னும் நீளமாகத் தட்டினாள். மறுநாள் காலை வீல்சேரோடு இரண்டு பேர் வந்தார்கள்.

கடலில் பார்க்க ஒன்றும் இல்லை. நேற்று பார்த்த தண்ணீரே இன்றும் இருந்தது. மற்றவர்கள் அதற்குப் பயந்து வகுப்பு வகுப்பாக ஓடினார்கள்: நடனம், கயிற்று முடிச்சு, காகித மலர், வினாடி வினா. அவன் எதற்கும் போவதில்லை என்று இருந்தான். பொழுது போகாவிட்டால் போகாமல் கிடக்கட்டும். அவன் பொழுதை அவன் யாரிடமும் ஒப்படைக்கத் தயாராக இல்லை.

"துணைக்கு வாங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை. "தனியா போக பயமா இருக்கு."

கடமை என்று போனான். கயிற்று முடிச்சு வகுப்பில் பட்டியலில் அவன் பெயர் ஏற்கெனவே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் உடற்பயிற்சியிலும் இருந்தது. பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவனைத் தவிர எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். "இதோ வந்துடறேன்," என்று போன அத்தை வரவேயில்லை. அவருக்கு இடம் பிடித்து வைப்பதாக நினைத்து, அவருக்குப் பதிலாக அவன் முக்கால் மணி நேரம் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை டேபிள் டென்னிசில் ஒரு தாடிக்காரரைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார்.

"தோள்பட்டை கொஞ்சம் இளகியிருக்கே," என்றார் வெளியே வந்ததும்.

"நீங்க எங்க போனீங்க?"

"பயம் போயிடுச்சு."

நான்காம் நாள் அவன் எட்டு மணிக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போனபோது கப்பலில் மணி நான்கு. கூடம் பூட்டியிருந்தது. அவன் கதவருகே கைகட்டி நின்றான். உள்ளே ரொட்டி வேகும் வாசனை வந்தது. மடிப்புக்காரர் எங்கிருந்தோ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

"சார், இங்க இருக்கீங்களா! இப்ப மணி என்ன சார்?"

"எட்டு."

"கரெக்ட் சார். எட்டு."

"உங்க கடிகாரம் என்ன காட்டுது?"

அவர் தன் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளினார். "நீங்க சொல்றதுதான் சார்."

அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூடச் சண்டைக்கு வரமாட்டேன் என்கிறான். கப்பலே சேர்ந்து தலையாட்டுகிறது. சுவரில் மோதலாம் என்று தலையைக் குனிந்துகொண்டு போனால் சுவருக்குப் பதில் மெத்தையை வைத்திருக்கிறார்கள்.

மடிப்புக்காரர் சமையலறைக்குள் போய் ஒரு தட்டில் சூடான ரொட்டி கொண்டு வந்தார். சின்னச் சின்னத் துண்டாக வெட்டியிருந்தது. எல்லாத் துண்டும் ஒரே அளவு. அவனுக்கு அது மட்டும் பிடித்திருந்தது.

அன்றைக்குக் கம்பிக் கைப்பிடி ஓரமாக நின்று தண்ணீரைப் பார்த்தான். ஒரு கஜம் தள்ளி மடிப்புக்காரர் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த இடத்தை நேத்தே துடைச்சீங்களே?"

"உப்புக் காத்து சார்."

அவன் இருபதடி நகர்ந்தான். உப்புக் காற்றும் இருபதடி நகர்ந்தது.

சரி, அறை பால்கனியிலாவது நிற்கலாம் என்று போனால் அந்தக் கதவு திறக்கவில்லை. கவுண்டரில் சொன்னான். தச்சர் வந்தார். கதவை ஆட்டிப் பார்த்தார், மெதுவாகத் தலையாட்டினார், இரண்டாவதாக ஒரு பூட்டுப் போட்டுவிட்டுப் போனார். பக்கத்து அறையில் அத்தை பால்கனிக் கதவை ஆவென்று திறந்து வைத்து, கம்பியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அவன் நேராகக் கவுண்டருக்குப் போனான்.

"பாதுகாப்புப் பூட்டை அறை மாத்திப் போட்டிருக்கீங்க."

"அப்படியா சார்?"

"வயசானவங்க அறை பக்கத்துல. அது திறந்து கிடக்கு. எனக்கு ரெண்டு பூட்டு. இப்படி வேலை பார்த்தா எங்க ஆபீஸ்ல ஒரு நாள் நிக்க முடியாது."

"உங்க ஆபீஸ்ல நீங்க நல்லா வேலை பார்ப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா?"

"அத்தை இங்க எதுக்கு வந்தாங்க?"

"தினமும் வருவாங்களே சார், காலையில. நீங்க சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு ஒரு பேப்பர் இருக்கு. அவங்கதான்..." அவள் நிறுத்திக்கொண்டாள். "வணக்கம் சொல்ல வருவாங்க சார்."

அறுபத்தெட்டு வயதில் ஒரு அம்மா தினமும் கவுண்டருக்கு நடந்து வந்து வணக்கம் சொல்கிறார். தனிமைதான், என்று நினைத்தான் அவன். மச்சான் சொன்னதில் தப்பில்லை. மகன் வீட்டில் பேசவாவது ஆள் இருக்கும்.

ஐந்தாம் நாள் மாலை ஐந்தரைக்கு அவன் விளக்கை அணைத்துப் படுத்தான். அவன் கணக்கில் இரவு பத்தரை. மேலே நடனக் கூடத்தில் மேளமும் காலடியும் அதிர்ந்தன. நடுக்கதவைத் தட்டாமலே அத்தை உள்ளே வந்து திரையை விலக்கினார். வெயில் முகத்தில் அறைந்தது.

"எழுந்திருங்க."

"ராத்திரி அத்தை."

"யாருக்கு?"

"எனக்கு."

அத்தை கட்டிலில் இருந்த துண்டு முயலை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். தட்டில் ரொட்டி இருந்தது. ஒன்றைக் கடித்தார்.

"பிளேன்ல குடுப்பானே, அந்த பன்னு மாதிரியே சவசவன்னு இருக்கு."

"நீங்க எப்ப பிளேன்ல போனீங்க?"

"டிவில பார்த்தேன்."

"டிவில ருசி தெரியுமா?"

"மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா? பேச்சை மாத்தாதீங்க. வாட்ச்சைக் கழட்டுங்க."

"மாட்டேன்."

"கப்பல்ல மூவாயிரம் பேர் மாத்தியிருக்கான். கேப்டனே மாத்தியிருக்கார்."

"அவங்களுக்கு நேரம் கூடினா நல்லது. எனக்கு இருக்கறதே போக மாட்டேங்குது. இதுல தினம் ஒண்ணு கூட." அவன் எழுந்து உட்கார்ந்தான். "யாரைக் கேட்டுக் குடுக்கறாங்க? அவளுக்கு ஒரு மணி நேரம் கேட்டப்ப ஆஸ்பத்திரியில குடுத்தாங்களா?"

மேலே மேளம் நின்று, மறுபடி தொடங்கியது.

அத்தை ரொட்டியைத் தட்டில் வைத்தார். கை துடைத்துக்கொண்டார். அழவில்லை. கோபமாகத்தான் இருந்தார்.

"குடுக்கல. எனக்கும்தான் குடுக்கல. அதுக்காக வர்றதை வேண்டாம்னு சொல்லுவேனா? அங்க குடுக்காத கடன் ஒரு பக்கம். இது இனாம். வாங்கி வச்சுக்கிட்டு முறைங்க. முறைக்கவும் நேரம் வேணும் இல்ல?"

அவன் அத்தையை நிமிர்ந்து பார்த்தான். ஐந்து நாளில் அவனோடு சண்டைக்கு வந்த முதல் ஆள்.

"அவ இருந்திருந்தா உங்களை இந்தத் துண்டாலயே அடிச்சிருப்பா," என்றார் அத்தை.

"அவ இருந்திருந்தா நான் எதுக்கு இந்தக் கப்பல்ல இருக்கேன்?"

"அதானே. வேலை மெனக்கெட்டு வந்தாச்சு இல்ல, ஒழுங்கா இருங்க." வாசல் வரை போய்த் திரும்பினார். "காலையில நான் வந்து எழுப்பறேன். அதுக்கு முன்னாடி எழுந்தீங்க, பார்த்துக்குங்க."

அவன் தூங்கினான். மேளம், காலடி, ஸ்பீக்கர் அறிவிப்பு, எதுவும் கேட்கவில்லை. கண் விழித்தபோது அறை வெளிச்சமாக இருந்தது. கடிகாரம் பன்னிரண்டேகால் காட்டியது. எந்தப் பன்னிரண்டேகால் என்று தெரியவில்லை. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு மணி தெரியாமல் இருந்தது. மடிப்புக்காரர் கட்டில் காலடியில் ஒரு ஆமையை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நடுக்கதவைத் திறந்தான்.

"அத்தை, மணி என்ன?"

"ஏழேகால்," என்றார் அத்தை. பேனாவை எடுத்து ஏதோ ஒரு தாளில் டிக் அடித்தார். "எதுக்கு?"

"சும்மா."

கடிகாரத்தை மாற்றவில்லை. கழற்றிப் பைக்குள் போட்டான். அது மாற்றினதாகாது.

ஆறாம் நாள் வீல்சேர் வரவில்லை. அவன் காகித மலர் வகுப்புக்குப் போய் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான். ஏழாம் நாள் ஒரு மலர் செய்தான். இதழ்கள் மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தன, பூ மாதிரிதான் இல்லை. அத்தை அதைக் காதில் செருகிக்கொண்டு வினாடி வினாவுக்குப் போனார்.

அன்று மாலை அத்தை பெட்டி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கட்ட அதிகம் இல்லை.

"நிரந்தரமா போறவங்க இவ்வளவுதான் எடுத்துட்டு வந்தீங்களா?"

"கிழவிக்கு எத்தனை துணி வேணும்?"

"பால்கனிச் செடிங்க?"

"மேல் வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்கேன். மூணு வாரத்துக்குத் தண்ணி ஊத்துவா."

"மூணு வாரம் கழிச்சு?"

அத்தைக்குப் பெட்டியின் ஜிப் சிக்கிக்கொண்டது. அதோடு போராடிக்கொண்டிருந்ததால் பதில் வரவில்லை. வயசாகிறது, யோசிக்காமல் சொல்லியிருப்பார் என்று நினைத்தான். நான்காம் வாரம் அந்தச் செடிகள் நிற்கப்போகிற கோலத்தையும் நினைத்தான். பிறகு வீட்டை நினைத்தான். சாப்பிட்டீங்களா என்று நடுக்கதவு இல்லாத சுவர் கேட்காது. துண்டால் அடிப்பேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாக் கடிகாரமும் அவன் சொன்ன நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

'அத்தை, நீங்க போக வேண்டாம்.' நான்கு வார்த்தைதான். நூற்று எழுபத்திமூன்று மணி நேரம் முடிகிற வரை அது வாயில் வரவில்லை.

மறுநாள் காலை கரை தெரிந்தது. இறங்கு கூடத்தில் துணையோடு வந்த பிரிவுக்குத் தனி மேசை. மேசைக்குப் பின்னால் இஸ்திரி போட்ட கோட்டில் மடிப்புக்காரர். அன்று அவருக்கு அங்கே வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மச்சான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். அத்தை மலரைக் காதில் சரிசெய்துகொண்டார்.

"ஒப்படைப்புப் படிவம் சார்," என்று மடிப்புக்காரர் தாளை விரித்தார். கீழே ஒரு கோடு, கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பக்கத்தில் பேனா.

அவன் பேனாவைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். முகம் சிவந்தது. ஆயிரம் தராசுக்கு முத்திரை வைத்த கை அது. கோட்டைக் கண்டால் தானாகப் போகும். அதை இழுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"போட மாட்டேன்."

"சார்?"

"கையெழுத்துப் போட மாட்டேன். ஒப்படைக்கவும் மாட்டேன்." குரல் கூடத்துக்கே கேட்டது. "அவர் மகனா இருக்கலாம். இருக்கட்டும், பார்த்துப் பேசிட்டுப் போகட்டும். அத்தை எங்க வீட்டுக்கு வர்றாங்க. விதியாவது மண்ணாவது! என்ன பண்ணுவீங்க, திரும்ப ஏழு நாள் கடல்ல கொண்டு போவீங்களா? கொண்டு போங்க. இந்தத் தடவை ஒவ்வொரு மணி நேரமா பிடுங்குவீங்க, அதையும் பார்த்துக்கறேன்!"

வரிசையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பிப் பெரியவர் மறுபடி தொப்பியைக் கழற்றினார். அத்தை மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

மடிப்புக்காரர் தாளை அவன் பக்கமிருந்து நகர்த்தி, பேனாவை அத்தையிடம் மரியாதையாக நீட்டினார்.

"நீங்க போடத் தேவையில்ல சார், துணையா வந்தவங்க போட்டாப் போதும். அம்மா, இவரை இங்க உங்க மகன்கிட்ட விட்டுட்டுப் போறீங்களா, இல்ல திரும்பக் கூட்டிட்டுப் போறீங்களா?"